ஈயப்பெட்டிக்குள் ஒரு பொய்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எதையும் தொடவில்லை. அவள் தொட்டதையெல்லாம் நர்சுகள் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெல்டிங் வேலை பார்த்த கைகள். சும்மா இருக்கத் தெரியாமல் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன.

"முகமூடியை நான் கழட்டவே இல்லைங்க." சுவரிலிருந்த ஸ்பீக்கரில் அவள் குரல் கரகரவென்று வந்தது. "மூக்கு அரிச்சப்பகூட கழட்டல. கேட்டா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் நம்பறேன்," என்றாள் அண்ணி.

"நீங்க நம்பி என்னங்க ஆகப் போவுது? இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட் சங்கு ஊதினதும் என் வீட்டுக்காரர் அதே ரூமுக்குள்ள போறாரு. அதே டப்பாவை மாட்டிக்கிட்டு."

பின்னால் சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "என்னையா?"

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓயாத வாய்க்காகப் பள்ளிக்கூடத்தில் 'தகர டப்பா' என்றார்கள். நாளடைவில் தகரம் உதிர்ந்துபோய் டப்பா மட்டும் நிலைத்துவிட்டது. அவன் அண்ணி என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி நிஜமாகவே அவன் கூடப்பிறந்த அண்ணனின் மனைவிதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். ஒரு நாள் மேலதிகாரியின் பொய்யையே கண்டுபிடித்துவிட்டதால் வெளியே வந்து, ஒரு பல் டாக்டரின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டாள். டப்பாதான் அவளுக்கு டிரைவர், போட்டோகிராபர், எடுபிடி எல்லாம்.

"அவங்க சொல்றது முகமூடியில மாட்டற டப்பாவை," என்றாள் அண்ணி திரும்பாமலே. "அது வாயை மூடற டப்பா. நீ வேற ரகம்."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் தொழிற்சாலை, தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கிற கதிரியக்க அயோடின் மருந்தைத் தயாரிக்கிறது. அங்கே நீராவி நிறைந்த ஓர் அறையில் ஒரு குழாய் விரிசல் விட்டு, அயோடின் ஆவி கசிந்தது. அதைப் பற்றவைக்க வெல்டரம்மா உள்ளே போனாள். முகமூடியில், வாய்க்கு நேரே, கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ். தொழிலாளிகள் பாஷையில் டப்பா. மூச்சுக்காற்றில் வரும் அயோடினை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதி வேலை முடித்து வெளியே வந்தவளின் கழுத்தருகே கதிர்வீச்சு மீட்டரைக் காட்டினார்கள். மீட்டர் அலறியது. அன்றைக்கு நின்ற உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் அண்ணி.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லைங்கறாரு. அப்படிச் சொல்றப்ப என் கழுத்தைப் பார்க்க மாட்டேங்கறாரு."

"வீட்டுக்காரர்கிட்ட போகாதீங்கன்னு சொல்லிப் பார்த்தீங்களா?" இது டப்பா.

அவள் கைகள் பிசைவதை நிறுத்தின. "சொன்னேன். லேப்ல டப்பா நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, பயப்படாதேன்னாரு. டப்பா நல்லதுன்னா நான் பொய் சொல்றேன்னுதானே அர்த்தம்? அது அவருக்குப் புரியலையா, இல்ல புரிஞ்சுதான் பேசறாரான்னு எனக்குத் தெரியல."

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். வண்டிச் சாவியைத் தேடி டப்பா பாக்கெட்டைத் துழாவினான். இரண்டு பேருமே அதற்கப்புறம் அந்தக் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையின் பாதுகாப்பு ஆபீசர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, கட்டை மீசை, எதற்கெடுத்தாலும் வாசலைப் பார்க்கும் கண். அவர் தலைக்கு மேலே 'பாதுகாப்பே முதல்' என்ற போர்டு ஒற்றை ஆணியில் சாய்ந்து தொங்கியது.

"சார், பாதுகாப்பு எந்த நேரமும் தலையில விழுந்துடும்போல," என்றான் டப்பா.

ஆபீசர் சிரிக்கவில்லை. மேஜைக்கடியிலிருந்த ஈயப்பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே, சீல் வைத்த தடித்த பிளாஸ்டிக் பையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட டப்பா.

"அந்தப் பொம்பளை மாட்டியிருந்தது இதுதான். சம்பவம் நடந்ததும் லேபுக்கு அனுப்பினேன். சோதிச்சுத் திருப்பி அனுப்பினாங்க. அயோடினை முழுசாப் பிடிச்சு வெச்சிருக்கு, பின்பக்கம் பொட்டு வரல. அந்த லேப் பெரியவர் சொந்தத் தம்பி கம்பெனிச் சரக்கையே ஃபெயில் பண்ணினவர். அவர் சொன்னா சொன்னதுதான். சீக்கிரம் பாருங்க, ரொம்ப நேரம் திறந்து வெக்கக் கூடாது."

அண்ணி கையை நீட்டி, எட்டத்திலிருந்தே பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். கரியைப் பார்க்கவில்லை, அச்சடித்த எண்ணைப் பார்க்கவில்லை. டப்பாவின் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வாஷரைத்தான் பார்த்தாள்.

"போட்டோ எடு."

டப்பா எடுத்தான். வாஷரின் வெளி ஓரத்தில் வட்டமாக ஓர் அழுத்தம். அந்த வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் அரிசிமணி போலச் சின்னதாக ஒரு புடைப்பு.

"பயிற்சிக்குப் பயன்படுத்தின பழைய டப்பா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

ஆபீசர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து எறியாத குறையாக வைத்தார். அதன் வாஷரிலும் ஒரு வட்டம். ஆனால் இது உள் ஓரத்தில், வழவழவென்று, புடைப்பு எதுவும் இல்லாமல்.

"முகமூடியோட வாய் சின்னது. அதுல திருகினா உள் ஓரத்துல தடம் விழுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் அண்ணி.

"வாஷர்ல என்னம்மா இருக்கு? எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. ஆள் உள்ள போற நேரம்."

"யார் யார்கிட்ட இந்தப் பெட்டிச் சாவி இருக்கு?"

"என்கிட்ட மட்டும்," என்றார் ஆபீசர், மீசை துடிக்க.

வெளியே வந்து வண்டியை உதைத்தபடியே டப்பா பொரிந்து தள்ளினான். "ஆளு மூஞ்சியே சரியில்ல அண்ணி. சாவி அவர்கிட்ட. உற்பத்தி நின்னா திட்டு வாங்கறதும் அவர்தான். மாத்தி வெச்சுட்டாரு."

"மூஞ்சியைப் பார்த்துத் தண்டனை கொடுக்கறதா இருந்தா உன்னை எப்பவோ உள்ள போட்டிருப்பாங்க." அண்ணி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "யோசி. அந்த டப்பாவை வெல்டரம்மா மாட்டியிருந்தா உள் ஓரத்துல ஒரு வட்டம் இருக்கணும். அப்புறம் லேப் மெஷின்ல மாட்டினப்ப வெளி ஓரத்துல இன்னொரு வட்டம். ரெண்டு இருக்கணும். இருக்கறது ஒண்ணுதான்."

டப்பாவின் கால் கிக்கரிலேயே நின்றது. "அப்போ அது முகமூடிப் பக்கமே போகலையா?"

"போகல. ஆனா உள்ள அயோடின் இருக்கு. மூச்சு விடாம ஒரு டப்பாவுக்குள்ள அயோடினை ஏத்தறதுக்கு எங்க முடியும்?"

"லேப்ல."

"வண்டியை எடு."

லேப் ஒரே தெருத் தள்ளித்தான் இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். பேசினால் குரல் காற்றோடு கலந்து பாதிதான் வந்தது.

"அப்பா உள்ள இருக்காங்க. செருப்பை இங்க விட்டுட்டு, கையுறை போட்டுக்குங்க."

பெரியவர் வெள்ளைக் கோட்டில் பளிச்சென்று இருந்தார். வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்று, முக்காலியைத் துடைத்துப் போட்டார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் போல எல்லாவற்றையும் தானே காட்டினார். ஈயக்கட்டிகள் அடுக்கிய தடுப்பு, அதற்குப் பின்னால் தடித்த கண்ணாடி அடைப்பு, அதற்குள் குழாய்களும் ஒரு பித்தளை வாயும்.

"டப்பாவை இந்த வாய்ல மாட்டுவேன். முன்பக்கம் காத்தோட துளியூண்டு அயோடின் ஆவியை விடுவேன். பின்பக்கம் கதிர்வீச்சை எண்ணற கவுண்ட்டர். கவுண்ட்டர் பேசினா டப்பா ஃபெயில். பேசாம இருந்தா பாஸ்."

"எங்க வீட்ல என்னைப் பத்தியும் இதேதான் சொல்வாங்க," என்றான் டப்பா.

பெரியவர் மனம்விட்டுச் சிரித்தார். "அங்க இன்னிக்கு அனுப்பின பெட்டியிலேர்ந்தே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். உங்க கண் முன்னாலயே போட்டுக் காட்டறேன். சந்தேகம்னு வந்துட்டா தீர்த்துக்கறதுதான் நல்லது."

அண்ணி அந்தப் பித்தளை வாயை உற்றுப் பார்த்தாள். விளிம்பில் ஓரிடத்தில் சின்னப் பள்ளம். டப்பா போட்டோவை நீட்டினான். ரப்பரில் இருந்த புடைப்பு அந்தப் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தியது.

"பழைய காயம். ஸ்பேனர் விழுந்துடுச்சு," என்றார் பெரியவர், அவள் பார்வையைக் கவனித்து.

சோதனை தொடங்கியது. காற்று ஓடும் மெல்லிய இரைச்சல். அயோடின் உள்ளே போனதற்கு அடையாளமாக ஒரு பச்சை விளக்கு. எல்லோரும் பின்பக்கத்துக் கவுண்ட்டரையே பார்த்தார்கள். அது எப்போதோ ஒரு தரம் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"அது சும்மா சுவர்லேர்ந்தும் தரையிலேர்ந்தும் வர்றது. எங்கயும் இருக்கும்," என்றார் பெரியவர். "டப்பா பிரமாதமா வேலை செய்யுது. அந்தப் பொண்ணு பாவம், உள்ள சூடு தாங்காம ஒரு நொடி கழட்டியிருக்கும். மனுஷங்கதானே."

டப்பா கவுண்ட்டரை மறுபடி பார்த்தான். கண்ணெதிரே பாஸ். ஏமாற்று வேலை எதுவும் தெரியவில்லை. அப்படியானால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பொய் சொன்னாளா? கையிலிருந்த கையுறை உறைக் காகிதத்தைக் கசக்கி, மேஜைக்கடியில் இருந்த பக்கெட்டில் போட்டான். பக்கெட் பாதிக்கு மேல் அதே காகிதங்கள். விழுந்த காகிதம் சரசரத்தது.

"டப்பா," என்றாள் அண்ணி.

"போடக் கூடாதா? எல்லாரும்தான் போட்டிருக்காங்க."

"பக்கெட்ல என்ன எழுதியிருக்கு?"

அவன் குனிந்தான். பெயிண்டில் பெரிய எழுத்துகள். "வடிநீர் மட்டும்."

பக்கெட்டுக்கு நேர் மேலே ஒரு ரப்பர் குழாயின் முனை தொங்கியது. அண்ணி அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் தூசிதான் ஒட்டியது.

"இந்தக் குழாய் எங்கேர்ந்து வருது?"

பெரியவர் சுவிட்சுப் பலகையில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். பதில் வந்தது மகளிடமிருந்து. "காத்தை நனைக்கற ஜாடியிலேர்ந்து." அவள் கை கழுத்துத் துணிக்குப் போய் அங்கேயே நின்றது. "காத்து அந்த ஜாடித் தண்ணி வழியாப் போயி ஈரமாகித்தான் டப்பாவுக்கு வரணும். மிச்சத் தண்ணி இதுல சொட்டும்."

"கடைசியா எப்போ சொட்டிச்சு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். காற்று மட்டும் இரைந்தது.

"பெரியவரே," என்றாள் அண்ணி. அவள் குரல் உயரவே இல்லை. "அந்த ரூம் முழுக்க நீராவி. நீங்க காய்ஞ்ச காத்துல சோதிக்கறீங்க. கரிக்குள்ள இருக்கற பொந்துல எல்லாம் ஈரம் போயி அடைச்சுக்கிட்டா அயோடின் எங்க போகும்?"

"பஸ்ல சீட்டு பூரா தண்ணி உக்காந்துக்கிச்சுன்னா அயோடின் இறங்கி நேரா நுரையீரலுக்கு நடந்து போயிடும்," என்றான் டப்பா.

"ஹீட்டர் கெட்டுப்போச்சு." பெரியவரின் மூக்குக்கண்ணாடி நழுவியது. "புதுசு வரல. நல்ல கரி ஈரத்தையும் தாங்கும். காய்ஞ்ச காத்துல பாஸான டப்பா ஈரத்துலயும் ஓரளவுக்கு..."

"ஓரளவுக்குன்னா? பாதி மூச்சு வரைக்குமா?" அண்ணி சட்டென்று திரும்பினாள். "டப்பா, முன்னறையில கெட்டில் பார்த்தேன். தண்ணி கொதிக்க வெச்சு எடுத்துட்டு வா."

அவன் ஓடினான். கெட்டில் கொதிக்க எடுத்த நேரத்தில் ஜன்னல் வழியே தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்தான். சங்கு அந்தப் பக்கத்துக் கட்டிடத்தின் உச்சியில் இருந்தது. எப்போது ஊதும்? கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது பெரியவர் ஜாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றிருந்தார்.

"வெளியாட்களை இதுல கை வெக்க விட மாட்டேன். ஆபத்து."

"வெளியாள் இல்லை அப்பா." மகள் டப்பாவின் கையிலிருந்து கெட்டிலை வாங்கினாள். "நான் ஊத்தறேன். நகருங்க."

"வேண்டாம்மா."

"நகருங்க அப்பா."

அவர் நகர்ந்தார். ஜாடி கண்ணாடி அடைப்புக்கு வெளியேதான் இருந்தது. அவள் மூடியைத் திருகித் திறந்து கொதிநீரை ஊற்றி மூடினாள். காற்று தண்ணீருக்குள் குமிழியிட்டது. குழாயின் உட்புறம் மெல்ல மங்கலாகி முத்துமுத்தாக வியர்த்தது. பிறகு அவள் அயோடினுக்கான பிடியைத் திருப்பினாள்.

'டிக்.'

டப்பா கவுண்ட்டர் பக்கம் குனிந்தான்.

'டிக். டிக்.' கொஞ்சம் இடைவெளி. ரப்பர் குழாயிலிருந்து முதல் சொட்டுத் தண்ணீர் பக்கெட்டுக் காகிதத்தின் மேல் பொத்தென்று விழுந்தது. 'டிக் டிக் டிக் டிக்.' அப்புறம் ஒவ்வொன்றாக எண்ண முடியவில்லை. கவுண்ட்டர் ஒரே மூச்சாகப் பேசத் தொடங்கியது.

மகள் பிடியை மூடினாள். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு நொடியில் பத்து வயது கூடினாற்போல் தெரிந்தார்.

"ஹீட்டர் கெடல. நான்தான் ஒயரை உருவினேன்," என்றார். "இந்தத் தடவை வந்த கரி ஈரத்துல தேறல. ஃபெயில்னு எழுதியிருந்தா உள்ள ஆள் போக முடியாது. குழாயைச் சரிபண்ண முடியாது. மருந்து நின்னுடும்." அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு மருந்துக்குக் காத்திருக்கா. தள்ளிப்போனா திரும்பப் பரவும்னு டாக்டர் சொன்னார். தம்பி சரக்கை ஃபெயில் பண்ணினப்ப எனக்குக் கை கூசல. இதுக்குக் கூசிடுச்சு."

"சரி," என்றாள் அண்ணி. "அப்புறம் வெல்டரம்மா மாட்டியிருந்த டப்பா இங்க வந்தது. அதை எடுத்துட்டுப் புதுசு ஒண்ணுல இதே மெஷின்ல அயோடின் ஏத்தி, அதைப் பெட்டிக்கு அனுப்பிட்டீங்க."

பெரியவர் விழித்தார். "இல்லையே. வந்ததைத்தான் சோதிச்சேன். காய்ஞ்ச காத்துலதான் போட்டேன், ஒத்துக்கறேன். ஆனா அது பாஸாச்சு. அந்தப் பொண்ணு கழட்டினதுன்னு நானும் நம்பினேன். நிஜமா நம்பினேன்மா."

டப்பா அவர் முகத்தைப் பார்த்தான். அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அப்படியானால் அவர் கைக்கு வருவதற்கு முன்பே டப்பா மாறியிருக்கிறது. அண்ணி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

மகள் காலியான கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அப்பா வர்றதுக்கு முன்னாலயே பை வந்துடுச்சு. நான் பிரிச்சேன்," என்றாள் அந்தப் பாதிக் குரலில். "கரியை அடுக்கடுக்கா எடுத்து மீட்டர்ல பார்த்தேன். அடி வரைக்கும் அயோடின் இறங்கியிருந்தது. அப்புறம் இந்த பக்கெட்டைப் பார்த்தேன். அப்பா என்ன பண்ணியிருக்காங்க, யாருக்காகப் பண்ணியிருக்காங்கன்னு புரிஞ்சுது. அவங்க ஜெயிலுக்குப் போறதை நினைச்சேன். வேற டப்பா ஒண்ணுல அயோடின் ஏத்தி அந்தப் பையில வெச்சேன்."

"அம்மாடி..." என்றார் பெரியவர்.

"அவங்க கழுத்துல போயி உக்காந்தது எனக்கு வர வேண்டிய மருந்துப்பா." அவள் விரல்கள் துணியை இறுக்கின. "இன்னிக்கு அனுப்பினது வேற கரி, நல்ல கரின்னு சொன்னீங்க. நம்பினேன். நம்பணும்னு நினைச்சுக்கிட்டேன்."

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

அண்ணி போனை எடுத்து ஆபீசரின் எண்ணை அழுத்தினாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே.

"ஆபீசர் சொல்லாம கேட்ல உங்களை விட மாட்டாங்க," என்றாள் மகள். "என்கிட்ட பாஸ் இருக்கு."

அடுத்த நிமிஷம் டப்பாவின் வண்டி தெருவில் பறந்தது. பின்னால் அவள். அண்ணி ஆட்டோவுக்குக் கை காட்டியது கண்ணாடியில் தெரிந்து மறைந்தது. எதிரே ஷிஃப்ட் முடிந்த கூட்டம் சைக்கிளும் நடையுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. டப்பா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"கீழ விழுந்துடாதீங்க," என்று கத்தினான்.

"நீங்க வேகமாப் போங்க!"

கேட்டில் அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். காவலாளி தடுப்புக் கட்டையை உயர்த்துவதற்குள் டப்பா தலையைக் குனிந்து நுழைந்துவிட்டான். கட்டிடத்துக்குள் நீண்ட நடை, அதன் முடிவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். முதல் கதவு மூடியிருந்தது. அதற்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஆட்கள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். இரண்டாவது கதவு திறந்துவிட்டதா என்று இங்கிருந்து தெரியாது.

கதவோரத்து மேஜைக்குப் பின்னால் ஆபீசர் போனைக் காதில் வைத்து நின்றிருந்தார். ஓடி வந்தவர்களைப் பார்த்து முகம் சிவந்தது. "யார் உங்களை உள்ள விட்டது?"

மகளுக்குக் கத்தக் குரல் இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "டப்பா ஃபெயில் சார். எல்லாமே ஃபெயில். ஈரத்துல நிக்காது. அந்தப் பெட்டியில இருக்கறது பொய். நான்தான் வெச்சேன். ஆளை வெளிய எடுங்க."

டப்பா அவரிடம் மன்றாடத் தயாராக இருந்தான். சட்டையைப் பிடிக்கவும் தயாராக இருந்தான். ஆனால் ஆபீசர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போன் கையிலிருந்து விழ விழ, சுவரிலிருந்த சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அறைந்தார். காது கிழிகிற மாதிரி மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

கதவு திறக்கவில்லை.

ஆபீசரின் உதடு ஏதோ முணுமுணுத்தது. இவரையா சந்தேகப்பட்டோம் என்று டப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் நேரமில்லை. மணி கேட்டுக் காவலாளி கேட்டை விட்டு நகர்ந்த நேரத்தில் உள்ளே நுழைந்த அண்ணி பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றாள். கதவின் சக்கரம் ஒரு தரம் அசைந்தது. நின்றது. பிறகு முழுச்சுற்றுச் சுற்றியது.

முதலில் வெளியே வந்தது உதவியாள். அவனுக்குப் பின்னால் வாட்டசாட்டமாக ஒரு ஆள், தோளில் கருவிப்பையோடு. வெல்டரம்மாவின் வீட்டுக்காரர். ஃபிட்டர். முகமூடியைக் கழற்றியதும் எரிச்சல்தான் தெரிந்தது.

"என்ன சார் விளையாட்டு? ரெண்டாவது கதவுல கை வெச்சேன், மணி அடிக்குது!"

ஒருவர் ஓடிப்போய் அவர் கழுத்தருகே மீட்டரைப் பிடித்தார். 'டிக்' என்றது. அப்புறம் சும்மா இருந்தது. டப்பா குனிந்து, தரையில் கிடந்த ஆபீசரின் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

அண்ணிதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஃபிட்டர் கேட்டு முடித்து, கையிலிருந்த முகமூடியை மேஜையில் வைத்தார். பிறகு டப்பாவிடம் கை நீட்டினார். "தம்பி, போன் குடுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும்.

"நான்தான்," என்றார் ஃபிட்டர். "நீ கழட்டல."

"அதைத்தானே முதல் நாள்லேர்ந்து சொல்றேன்," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஆமா. சொன்னே." அவர் போனைக் காதோடு அழுத்தினார். "நான்தான் காதுல வாங்கல."

"உள்ள போயிட்டீங்களா?"

"போகல."

அதற்குமேல் அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. ஃபிட்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆபீசர் போலீசுக்குச் சொல்லப் போனார். பெரியவர் தானே நடந்து வந்துகொண்டிருப்பதாகக் கேட்டிலிருந்து தகவல் வந்தது. மகள் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அவளும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எந்த வார்த்தையில் கேட்பது என்று தேடிக்கொண்டிருப்பவள் போல உதடு மட்டும் அசைந்தது.

ஃபிட்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றார். டப்பா ஓரடி முன்னால் வந்தான், எதற்கும் தயாராக.

"அந்தக் குழாய் பாதியில நிக்குது," என்றார் ஃபிட்டர். "என் பொண்டாட்டி பத்தவெச்சது. முடிக்காம விட்டா அது வீணாப் போயிடும். வேற கரி போட்ட டப்பா எங்கயாவது கிடைக்குமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கிடைக்கும். ரெண்டு கம்பெனி இருக்கு. ஆனா இனிமே நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

"நம்பறதுக்கு ஒண்ணுமில்ல. என் கண்ணெதிர்ல போடுங்க. நீராவியைத் திறந்துவிட்டுப் போடுங்க. இந்தம்மாவும் பார்க்கட்டும், போலீசும் பார்க்கட்டும்." அவர் கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்கி, கதவோரத்து பெஞ்சில் வைத்தார். "பேசாம இருக்கற டப்பா எதுவோ அதைக் குடுங்க. நான் போறேன்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"பேசாம இருக்கற டப்பாதான் வேணும்னா," என்று ஆரம்பித்த டப்பாவின் கையை அண்ணி பிடித்து இழுத்தாள்.

"வண்டியை எடு. அந்த ரெண்டு கம்பெனிக்கும் நாமதான் போகணும்."